எண்பது சென்ட் மழை

பெஜய், மங்களூர்
25-2-1988

மரியாதைக்குரிய ஹூவே கௌடர் அவர்களுக்கு,

செவ்ரின் லஸ்ராடோ வணக்கத்துடன் எழுதுவது. திங்கட்கிழமை உங்கள் பைரேகுந்தி எஸ்டேட்டுக்குக் கணக்கெழுதும் ரைட்டர் வேலைக்காக நேர்காணலுக்கு வந்த மூவரில் ஒரே பெண் நான்தான் என்பதால், அடையாளம் சொல்லத் தேவையில்லை. நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். சார்மாடி மலை இறக்கத்தில் பக்கத்து சீட்டுக்காரர் என் மடியில் வாந்தி எடுக்காத குறைதான்.

நேர்காணல் முடிந்த பிறகு முதலாளிக்குக் கடிதம் போடுவது காலைப் பிடிப்பதற்குச் சமம் என்கிறான் என் தம்பி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டுத் தொழிற்சாலை அலுவலகத்தில் பதினாறு வருடம் இருந்தவள் நான்; எந்தக் கடிதம் காலைப் பிடிக்கிறது, எது மரியாதைக்கு எழுதியது என்று பார்த்தவுடன் தெரியும். ஒரு வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பதுதான் தப்பு. உங்கள் வீட்டு அரிசி ரொட்டியும் கத்திரிக்காய்ச் சட்னியும் மூன்று நாளாக நாக்கை விட்டுப் போகவில்லை.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது ரொட்டிக்காக இல்லை. நீங்கள் எங்கள் மூவரையும் மழைமானிக்கு முன்னால் நிறுத்தி, சமையலறையிலிருந்து பொம்மியைக் கூப்பிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றச் சொல்லி, அங்குலத்துக்கு நூறு சென்ட் கணக்கில் எத்தனை சென்ட் மழை என்று அளக்கச் சொன்னீர்கள் அல்லவா? எனக்கு முன்னால் அளந்த பையன் நின்றபடியே மேலிருந்து பார்த்து அறுபது என்றான். நான் மண்டியிட்டுக் கண்ணை அளவுக் கண்ணாடிக் குடுவைக்கு நேராக வைத்து நாற்பத்து மூன்று என்றேன். நீங்கள் உடனே அந்தப் பையனிடம், "வெயில்ல நடந்து வந்த கண்ணு, கூசியிருக்கும், பரவாயில்லப்பா" என்றீர்கள். அவன் முகம் சுருங்காமல் பார்த்துக்கொண்டீர்கள். எத்தனையோ அதிகாரிகளின் கீழே வேலை பார்த்திருக்கிறேன். தப்பு செய்தவன் முகத்தைக் காப்பாற்றிய ஒருவரையும் பார்த்ததில்லை. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இன்னொன்றும் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் மானிக்குப் பக்கத்தில் செண்பக மர நிழலில் நிற்க, நீங்கள் மட்டும் பத்தடி தள்ளி முற்றத்து வெயிலிலேயே நின்றீர்கள். அந்த மரத்தை உங்கள் மறைந்த மனைவி கிரிஜம்மா வைத்ததாகச் சாப்பிடும்போது சொன்னீர்கள். மழை அளக்கப் போகும்போது பூ வாசம் வர வேண்டும் என்று வைத்தாராம். இருபத்தேழு வருடம் தினமும் காலை எட்டு மணிக்கு அவரே அளந்து எழுதினாராம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

அந்த இடத்தில் மூன்றாவதாக ஒன்றையும் கவனித்தேன். அதை இப்போது எழுதுவது சரியாக இருக்காது.

என் குடையை உங்கள் வராந்தா ஆணியில் மாட்டிவிட்டு மறந்து வந்துவிட்டேன். பத்து நாளில் முடிவு சொல்வதாகச் சொன்னீர்கள். காத்திருக்கிறேன்.

இப்படிக்கு மரியாதையுடன்,
செவ்ரின் லஸ்ராடோ


பைரேகுந்தி எஸ்டேட்
மூடிகெரே
3-3-1988

செவ்ரின் பாயம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் ஊரில் பெண்களை மரியாதையாகப் பாயம்மா என்பார்கள் என்பதால் அப்படியே எழுதுகிறேன். நேர்காணலுக்கு வந்தவர் நன்றி சொல்லி எழுதியது இந்த எஸ்டேட்டில் இதுதான் முதல் தடவை. பொம்மிக்குப் படித்துக் காட்டினேன். "இவங்களையே வச்சுக்குங்க, எனக்கும் பேச்சுத் துணையாச்சு" என்றாள். அவளைக் கேட்டு நான் ஆள் வைப்பதில்லை.

இன்னும் முடிவு செய்யவில்லை.

குடை பத்திரமாக இருக்கிறது. வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

மழை இல்லை. காபி மொட்டெல்லாம் காத்திருக்கிறது.

ஹூவே கௌடா


பெஜய், மங்களூர்
14-3-1988

மரியாதைக்குரிய கௌடர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஆராய்ச்சி செய்கிறோம். "வரும்போது எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைக்கு வரும்போதா, இல்லை அந்தப் பக்கம் எப்போதாவது வந்தால் என்ற அர்த்தமா? தம்பி மனைவி ஜெசிந்தா, "அக்கா, இது கிடைச்ச மாதிரிதான், துணி எடுத்து வைங்க" என்கிறாள். தம்பியோ, "குடை விஷயத்துல குடையைத் தவிர ஒண்ணும் இல்ல" என்கிறான். தபால்காரர் வேறு வாசலில் சைக்கிளை நிறுத்தும் முன்பே, "மூடிகெரேயிலிருந்து இன்னிக்கும் ஒண்ணும் இல்ல பாயம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். தெருவுக்கே தெரிந்துவிட்டது.

நீங்கள் சொன்ன பத்து நாள் போய் இருபது நாளாகிவிட்டது. அவசரப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். என் நிலைமையைத் திறந்து சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை மூடி எட்டு மாதமாகிறது. பம்பாயில் மாஹிமில் எங்கள் பெரியப்பா மகள் இருக்கிறாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், மூன்று பிள்ளைகள். வீட்டைப் பார்த்துக்கொள்ள என்னை வரச் சொல்கிறாள். சம்பளம் கிடையாது. சொந்தக்காரிக்குச் சம்பளம் கொடுத்தால் அவமானமாம். மே முதல் தேதி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான் தம்பி. அவனைக் குறை சொல்லவில்லை. இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம்.

எனக்கு நாற்பத்தோரு வயது. பதினெட்டு வயதிலிருந்து என் கைச் சோற்றை நான் சாப்பிட்டவள். மாஹிம் சமையலறையில் போய் ஒடுங்கிவிட்டால், பிறகு என்னை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால்தான் கேட்கிறேன். இல்லை என்றால் இல்லை என்றே எழுதிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

பொம்மிக்கு என் அன்பு. அவளிடம் கேட்டு ஆள் வைக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

பதிலை எதிர்பார்க்கும்,
செவ்ரின்


பைரேகுந்தி எஸ்டேட்
19-3-1988, சனிக்கிழமை

செவ்ரின் பாயம்மா அவர்களுக்கு,

தபாலில் போட்டால் மூன்று நாளாகும். ஆகவே மங்களூர் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இல்லை என்றால் இல்லை என்று எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ரைட்டர் வேலையை என் தங்கை சுலோச்சனாவின் மருமகனுடைய தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். நேற்றுச் சேர்ந்துவிட்டான். மூன்று பேரில் நீங்கள்தான் தகுதியானவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தங்கை வந்து உட்கார்ந்து இரண்டு நாள் அழுதாள். ஐம்பது ஏக்கர் தோட்டத்தை ஆள்கிறேன், அவள் அழுகையை ஆளத் தெரியவில்லை. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் திறந்து எழுதியதால் நானும் எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும்.

குடையையும் கண்டக்டரிடமே கொடுத்திருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம், காபி மொட்டை மலர வைக்கும் பூ மழை வந்தது. எண்பது சென்ட்! எழுபது வந்தாலே போதும், மோட்டாரைத் தொட வேண்டியதில்லை. ஐம்பதில் நின்றுவிட்டால்தான் ஆபத்து. மொட்டு பாதியில் விழித்துக்கொண்டு கருகிவிடும், மீதியை ஸ்பிரிங்க்ளர் போட்டுக் கொடுக்க வேண்டும். மூன்று வருடமாக எனக்கு ஒரு கஷ்டம் உண்டு. மழை நிறைய வந்தும் பள்ளத்துத் தோட்டத்தில் பூ சரியாகப் பிடிக்கவில்லை. மண்ணைச் சோதித்தோம், உரத்தை மாற்றினோம். இந்த வருடமாவது பிடிக்க வேண்டும். இத்தனை மழை பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவருக்கும் இல்லை.

உங்களுக்கு நல்ல இடத்தில் வேலை கிடைக்கட்டும்.

ஹூவே கௌடா


பெஜய், மங்களூர்
20-3-1988, ஞாயிறு

கௌடர் அவர்களுக்கு,

இதையும் அதே கண்டக்டர் கையில் காலை முதல் பஸ்ஸுக்கே கொடுக்கிறேன். அவசரம். முதலில் படித்துவிட்டுப் பிறகு கோபப்படுங்கள்.

நேற்று ராத்திரி கொஞ்சம் அழுதேன். அதை மறைக்கவில்லை. ஆனால் அழுது முடித்ததும் ஒரு விஷயம் புரிந்தது. இனி உங்களிடமிருந்து எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை. ஆகவே சொல்ல வேண்டியதைச் சொல்லலாம்.

முதல் கடிதத்தில், மூன்றாவதாக ஒன்றைக் கவனித்தேன் என்று எழுதியிருந்தேன். அது இதுதான். உங்கள் மழைமானி பொய் சொல்கிறது.

அளப்பதற்காக மண்டியிட்டபோது நிமிர்ந்து பார்த்தேன். செண்பகத்தின் தென்பக்கக் கிளைகள் மூன்று மானிக்கு நேர் மேலே வந்து கவிந்திருக்கின்றன. புனல் வாயில் காய்ந்த இலை கிடந்தது. மழை பெய்யும்போது அந்த இலைகளெல்லாம் தண்ணீரைச் சேர்த்து ஒரே இடத்தில் சொட்டும். வானத்திலிருந்து விழுவதும் விழும், மரத்திலிருந்து சொட்டுவதும் விழும். தொழிற்சாலையில் களிமண் குழிக்காக நாங்களும் மழை அளந்தோம். பக்கத்துக் கூரை ஒழுகி எங்கள் கணக்கே கெட்டுப்போனது. துறைமுகத்திலிருந்து ஒரு வானிலைக்காரர் வந்து பார்த்துவிட்டு எங்களை நன்றாகத் திட்டினார். அப்படித்தான் எனக்கு இது தெரியும்.

உங்கள் எண்பது சென்ட் எண்பதாக இருக்காது. ஐம்பதுக்குக் கிட்ட இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மூன்று வருடமாகப் பள்ளத்தில் மொட்டு கருகுவதற்கு மண் காரணமில்லை என்று தோன்றுகிறது. தயவு செய்து இன்றோ நாளையோ மோட்டாரைப் போடுங்கள். நம்பிக்கை வரவில்லை என்றால், ஒரு பால் பவுடர் டப்பாவை முற்றத்தின் நடுவில் திறந்த இடத்தில் வையுங்கள். அடுத்த மழை நின்றதும் ஸ்கேலை விட்டு அளந்து பாருங்கள். ஒரு அங்குலம் நூறு சென்ட், அவ்வளவுதான் கணக்கு.

இப்போது என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மனைவி வைத்த மரத்தைக் குறை சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். ஒரு மாதம் மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பையனின் முகத்தைக் காப்பாற்றிய மனிதரிடம் நான் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. வெட்கமாக இருக்கிறது.

குடை வந்து சேரவில்லை. கண்டக்டரைக் கேட்டேன். "கௌடர் கொடுத்தாரும்மா. பஸ் கிளம்பறப்போ ஜன்னல்ல கைய விட்டு மறுபடி வாங்கிக்கிட்டார்" என்றார். காரணம் அவருக்கும் தெரியவில்லை.

செவ்ரின்


பைரேகுந்தி எஸ்டேட்
21-3-1988

அம்மா,

மழைமானியை என் பாட்டனார் 1931இல் வைத்தார். இருபத்தேழு வருடம் என் மனைவி அளந்தாள். அவள் எழுதியது பொய் என்கிறீர்களா? வேலை கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் எழுதியதாக எடுத்துக்கொள்கிறேன்.

மோட்டார் போடவில்லை. போடப் போவதும் இல்லை.

குடை வியாழக்கிழமை பஸ்ஸில் வரும். இனி எழுத வேண்டாம்.

ஹூவே கௌடா


பெஜய், மங்களூர்
28-3-1988

மரியாதைக்குரிய கௌடர் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒரு கடிதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரிஜம்மா எழுதியது பொய் என்று நான் சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை. அன்று பதிவேட்டைக் காட்டினீர்களே, அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். ஒரு எண்ணை அடித்துத் திருத்தி எழுதியதாக எங்கேயும் இல்லை. காய்ச்சலில் இருந்த நாளில்கூட, கை நடுங்கி நடுங்கி, மழை இல்லை என்று எழுதியிருந்தார். அப்படிப்பட்டவர் தப்பாக அளந்திருக்க மாட்டார். அவர் காலத்துக்கும் இப்போதைக்கும் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அது என்னவென்று தெரியாது. தூரத்திலிருந்து நான் எப்படிச் சொல்வேன்? அவர் இருந்திருந்தால் இதை நான் சொல்லவே வேண்டியிருந்திருக்காது என்று மட்டும் தோன்றுகிறது.

ஆத்திரத்தில் எழுதியதாகச் சொன்னது மட்டும் வலித்தது. போகட்டும். உங்கள் மனைவிக்காக நீங்கள் கோபப்பட்டீர்கள். எனக்காகக் கோபப்பட யாரும் இல்லாததால், அதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பஸ் நிலையத்துக்குப் போனேன். குடை வரவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். மே முதல் தேதி பம்பாய்க்குப் போகிறேன். அங்கே ஜூனில்தான் குடை வேண்டியிருக்கும், ஆகவே அவசரமில்லை. வைத்துக்கொண்டாலும் சரிதான்.

உங்களை நேரில் சந்தித்தது நல்ல விஷயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

செவ்ரின் லஸ்ராடோ


பைரேகுந்தி எஸ்டேட்
13-4-1988

செவ்ரின் பாயம்மா அவர்களுக்கு,

இது நீளமான கடிதம். எனக்குப் பழக்கமில்லை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்த அன்றே பூ மலர்ந்தது. நிழல் அடர்ந்த மேட்டில் வெள்ளையாகப் பூத்தது. பள்ளத்தில் மொட்டு தீக்குச்சி நீளத்துக்கு நீண்டு, அப்படியே கருகி நின்றது. பதினெட்டு ஏக்கர். காலையில் நடுவில் போய் நின்றேன். வாசனையே இல்லை. நீங்கள் இரண்டு நாள் அவகாசம் கொடுத்திருந்தீர்கள். நான் அந்த இரண்டு நாளையும் கோபப்படுவதிலேயே செலவழித்தேன்.

வீட்டுக்கு வந்து பொம்மியிடம் பால் பவுடர் டப்பா கேட்டேன். ஏற்கெனவே கழுவி வைத்திருந்தாள். உங்கள் கடிதத்தை நான் சத்தமாகப் படித்துத் திட்டியபோது கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

சனிக்கிழமை சாயங்காலம் மழை. ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புது ரைட்டர் வந்து எண்பத்தொன்று என்றான். முற்றத்து டப்பாவில் ஸ்கேலை விட்டேன். அரை அங்குலம். ஐம்பது. அளவுக் குடுவையைக் கொண்டுவரச் சொல்லி நானும் உங்களைப் போல மண்டியிட்டுப் பார்த்தேன். எண்பத்தொன்றுதான். டப்பாவை மறுபடி அளந்தேன். ஐம்பதுதான்.

பொம்மி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா இருந்தப்போ வருஷா வருஷம் அந்தக் கிளைங்கள வெட்டிடுவாங்க. சங்கராந்திக்கு மறுநாள் ஸ்டூல் போட்டு அவங்களே ஏறுவாங்க. நான்தான் ஸ்டூலப் பிடிச்சுக்குவேன்" என்றாள்.

"எனக்குத் தெரியாதே" என்றேன்.

"நீங்க அறுவடையில இருப்பீங்க. எங்க தெரியும்?"

"அவ போய் நாலு வருஷமா ஏன் சொல்லல?"

"அவங்க வச்ச மரத்துல கத்தி வைக்கலாமான்னு உங்ககிட்ட யாரு வந்து கேப்பா? நீங்களே அந்தப் பக்கம் போறதில்ல."

உள்ளே போய்ப் பதிவேடுகளை எடுத்தேன். இருபத்தேழு புத்தகம். ஒவ்வொரு ஜனவரியிலும், சங்கராந்திக்கு மறுநாள், மழை இல்லை என்பதற்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாள்: "செண்பகம், தென்பக்கம், மூன்று கிளை." சில வருடம் இரண்டு, ஒரு வருடம் நான்கு. இதை நான் முன்பே பார்த்ததுண்டு. எந்தக் கிளையில் பூ வந்தது என்று ஆசையாக எழுதி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஜனவரியில் செண்பகம் பூக்காது என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. அவள் அந்த மரத்தை நேசித்தாள், வருடம் தவறாமல் வெட்டினாள். நான் அவள் நினைவென்று அதைத் தொடாமல் வைத்து, அவளுடைய கணக்கையே கெடுத்திருக்கிறேன்.

அவள் இருந்திருந்தால் நீங்கள் சொல்ல வேண்டியிருந்திருக்காது என்று எழுதினீர்கள். அந்த வரியைப் பல தடவை படித்தேன்.

இன்னொன்று கேளுங்கள், சிரிப்பீர்கள். தினமும் எட்டேகாலுக்கு எஸ்டேட்காரர்கள் நாங்கள் போன் போட்டு யாருக்கு எத்தனை சென்ட் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். மூன்று வருடமாக நான்தான் அதிகம் சொல்வேன், கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொள்வேன். பக்கத்து எஸ்டேட் திம்மப்ப கௌடரைக் கூப்பிட்டு, என் மானி தப்பு, இதுவரை சொன்னதெல்லாம் தப்பு என்றேன். அவர், "அது தெரிஞ்ச விஷயம்தானே ஹூவண்ணா. நீங்க சொன்னா நாங்க எல்லாரும் முப்பது கழிச்சுத்தான் கேட்டுக்குவோம்" என்றார்.

வேலை வேண்டும் என்பதற்காக ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டதாக நீங்கள் வெட்கப்பட்டு எழுதினீர்கள். என் சிநேகிதர்கள் மூன்று வருடம் மூடிக்கொண்டார்கள். அவர்களுக்கு என்னிடம் எந்த வேலையும் வேண்டியிருக்கவில்லை. நீங்களோ என்னிடமிருந்து ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்த மறுநாள் காலை, முதல் பஸ்ஸில் சொல்லி அனுப்பினீர்கள். நான் அதை ஆத்திரம் என்றேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என்னை மன்னிக்க வேண்டும்.

தங்கை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். "பையன் நல்ல பையன், உன் வீட்டுப் பிள்ளை, உன் தோட்டத்துலயே வச்சுக்க" என்றேன். வழக்கம்போல அழுதாள். நானும் உட்கார்ந்து அழுதேன். அதை அவள் எதிர்பார்க்கவில்லை. பையன் நேற்றே அங்கே மாறிவிட்டான். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

ஆகவே ரைட்டர் வேலை காலி. சம்பளம் அன்று சொன்னதுதான். அலுவலகத்துக்குப் பின்னால் தனி வீடு, இரண்டு அறை, கூரை ஒழுகாது. பிப்ரவரியிலேயே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. மே முதல் தேதிக்கு முன்னால் உங்கள் கைக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று கண்டக்டரிடமே கொடுக்கிறேன்.

ஒரு விஷயத்துக்கு உங்கள் முடிவு வேண்டும். மானியை நகர்த்துவதா, மரத்தை வெட்டுவதா? மானி பாட்டனார் வைத்த இடம், மரம் அவள் வைத்தது. இரண்டில் எதையும் செய்ய எனக்குக் கை வராது. நான் முற்றத்து வெயிலிலேயே நின்றதை நீங்கள் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். நாலு வருடமாக அந்த மரத்தடிக்கு நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட அளவுக் குடுவையை வராந்தாவுக்குக் கொண்டுவரச் சொல்லித்தான் பார்த்தேன்.

குடை ஆணியில் இருக்கிறது. இரண்டு தடவை அனுப்பப் பார்த்தேன். கொடுத்துவிட்டால் நீங்கள் வருவதற்கு ஒரு காரணமும் இருக்காதே என்று தோன்றியது.

மரியாதையுடன்,
ஹூவே கௌடா


பெஜய், மங்களூர்
15-4-1988

அன்புள்ள கௌடர் அவர்களுக்கு,

கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கே வந்து கொடுத்தார். "படிச்சுப் பாருங்கம்மா, கௌடர் கண்ணு சிவந்திருந்துச்சு" என்றார். அவர் போகும் வரை அழாமல் இருந்தேன். ஜெசிந்தா கடிதத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். உங்கள் தங்கையோடு நீங்களும் உட்கார்ந்து அழுத இடத்தில் தம்பி சிரித்துவிட்டான். கிரிஜம்மா எழுதி வைத்த இடத்தில் அவனே எழுந்து வெளியே போய்விட்டான். பிறகு வந்து, பம்பாய் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் பாதிதான் கிடைக்கும் என்று முணுமுணுத்தான். மாஹிமுக்கு நானே எழுதிவிட்டேன்.

வருகிறேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பினால் சாயங்காலம் வந்து சேர்வேன். திங்கட்கிழமை கிளம்பினால் அன்றைய எட்டு மணி அளவு தவறிவிடும். முதல் நாளே பதிவேட்டில் வெற்றிடம் விடுவது நன்றாக இருக்காது. பொம்மியிடம் அரிசி ரொட்டி இருந்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். குடை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

பதினெட்டு ஏக்கருக்காக வருந்துகிறேன். அடுத்த வருடம் அந்தப் பள்ளம் பூக்கும். பக்கத்து எஸ்டேட்காரர்களுக்கு முப்பது கழிக்கும் வேலை இனி இருக்காது.

மரத்தை வெட்ட வேண்டாம், மானியையும் நகர்த்த வேண்டாம். கிரிஜம்மா இருபத்தேழு வருடம் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டார், நமக்கு மட்டும் என்ன? தென்பக்கக் கிளைகளை நான் கழிக்கிறேன். சங்கராந்தி வரை காத்திருக்க முடியாது, பருவமழை வருகிறது. வந்த வாரத்திலேயே செய்துவிடலாம். அவர் ஏறிய அதே ஸ்டூலை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கழித்த அன்று பதிவேட்டில் அவர் எழுதிய மாதிரியே, அதே இடத்தில், சின்ன எழுத்தில் எழுதுவேன்.

வேலைக்குச் சேர ஒரே ஒரு நிபந்தனை. பொம்மிக்கு வயதாகிவிட்டது. நான் ஏறும்போது ஸ்டூலை நீங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். முற்றத்து வெயிலில் நின்றுகொண்டு அதைப் பிடிக்க முடியாது.

உங்கள் எஸ்டேட் ரைட்டர்,
செவ்ரின் லஸ்ராடோ